கருத்தம்மாவும் ராதாரிச் சீட்டும்

பாரதிராஜா எடுத்த படம் ஒன்று, எடுக்காமல் விட்ட படம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ம தேனிப் பக்கத்துச் சரித்திரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிகிறது. இந்தக் குறிப்பு அந்த ஓட்டையைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

எடுத்த படம் 'கருத்தம்மா'. 1994 தீபாவளிக்கு வந்தது. அல்லிநகரத்துக்காரர் இயக்கம், ரத்னகுமார் கதை, வடுகபட்டிக்காரர் பாட்டு, ஏ.ஆர். ரஹ்மான் இசை. பெண் சிசுக்கொலையைப் பற்றிய படம். குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. பாட்டுக்காக வைரமுத்துவுக்கும் ஸ்வர்ணலதாவுக்கும் விருது கிடைத்தது.

எடுக்காத படம் 'குற்றப்பரம்பரை'. குற்றப் பழங்குடிகள் சட்டத்தையும் 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் பற்றியது. இதற்கும் ரத்னகுமார்தான் எழுத்து. 2016இல் உசிலம்பட்டிப் பக்கம் பூஜை போட்டார்கள். அதே சமயத்தில் பாலாவும் குற்றப்பரம்பரை பற்றிப் படம் எடுக்கப்போவதாகச் சொல்ல, இரண்டு பக்கமும் நடந்த வாய்ச்சண்டை பேப்பரில் எல்லாம் வந்தது. கடைசியில் அந்தப் படம் வரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரே மண், ஒரே இயக்குநர், ஒரே கதாசிரியர். முதல் படத்தில் பெண்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணை முப்பது வருஷம் ஆண்ட கைரேகைச் சட்டத்தின் சுவடு இல்லை. இரண்டாவது படத்தைப் பற்றி நடந்த அத்தனை பேச்சிலும் அந்தச் சட்டம் இருந்தது, வீரம் இருந்தது, சாதிப் பெருமை இருந்தது, பெண்கள் இல்லை. இந்த இரண்டு பாதியையும் சேர்த்து யாரும் படம் எடுக்கவில்லை. சேர்த்து யோசிக்கவும் இல்லை. சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்திரிகைகள், அரசாங்கத் திட்டங்கள், ஊர்ப் பெருமை பேசும் மேடைகள் எல்லாமே இந்தப் பிரிவினையைத்தான் செய்து வந்திருக்கின்றன.

அந்தச் சட்டம் என்ன செய்தது?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்காகப் போடப்பட்டது. 1911இல் புதுப்பித்தபோது சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு கூட்டத்தையோ சாதியையோ 'குற்றப் பழங்குடி' என்று அரசு கெஜட்டில் அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. சட்டமே அதைத் தடுத்திருந்தது. அறிவித்த பிறகு பெயர்கள் பதிவேட்டில் ஏறும். கைரேகை எடுப்பார்கள். அதனால்தான் நம்ம பக்கத்தில் இதற்குக் 'கைரேகைச் சட்டம்', 'ரேகைச் சட்டம்' என்று பேர்.

1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, 1918க்குள் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் இதற்குள் கொண்டுவந்தார்கள். பதிவேட்டில் ஏறியவர்களில் ஒரு பிரிவினர் ராத்திரி 11 மணியிலிருந்து விடியற்காலை 5 மணி வரை ஸ்டேஷனிலோ, குறித்துக் கொடுத்த இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போனால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். போகிற ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கித் திரும்ப வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்பது ஊரின் நினைவு.

முல்லைப் பெரியாறு தண்ணீர் 1895இல் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து குடியேறியவர்களில் பிரமலைக் கள்ளர் குடும்பங்களும் உண்டு. சட்டமும் கூடவே வந்தது. மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் விழுந்துவிடாது. வீடு மாறியதைச் சொல்லாமல் விட்டால் அது தனிக் குற்றம். இன்றைக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கிற கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிக்கூடங்கள் அந்தக் காலத்தின் மிச்சம்தான். பள்ளிக்கூடம் நல்ல விஷயம். ஆனால் அதன் பெயரில் இருக்கிற 'சீரமைப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

"இது வெள்ளைக்காரன் ஆட்சி, இதைப் போய்ச் சர்வாதிகாரம் என்கலாமா? ஹிட்லர், பிராங்கோ மாதிரி ஆட்களைத்தானே அப்படிச் சொல்வோம்?" என்று கேட்கலாம். இந்த ஒரு வருஷத்தைப் பாருங்கள். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூர். அதே 1920 நவம்பரில் சென்னை மாகாணத்தில் முதல் சட்டசபைத் தேர்தல், அடுத்து நீதிக்கட்சி மந்திரிசபை. மெட்ராஸில் மந்திரிகள் வந்தார்கள். உசிலம்பட்டியிலும் கம்பத்திலும் ராத்திரிப் படுக்கை ஸ்டேஷனில்தான். 1947 ஜூன் 5ஆம் தேதிதான் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. சர்வாதிகாரம் ஒரு நாடு முழுக்க இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு தெருவில் தேர்தலும் அடுத்த தெருவில் சர்வாதிகாரமும் ஒரே நேரத்தில் ஓடும். ஆணையைக் கேள்வி கேட்க வழி இல்லை, பிறப்பே குற்றம், உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை அதிகாரி சொல்வான். இந்த மூன்றும் இருந்தால் அங்கே வாழ்கிறவனுக்கு அது சர்வாதிகாரம்தான்.

வீட்டில் யார் இருந்தார்கள்?

இந்தச் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நாம் ஸ்டேஷன் திண்ணையில் படுத்திருந்த ஆம்பளையைத்தான் பார்க்கிறோம். கல்யாண ராத்திரியில்கூட மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது மாப்பிள்ளைக்கு நேர்ந்த அவமானமாகத்தான் சொல்வார்கள். பொண்ணு?

நான் தொழிலுக்கு டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். ஒரு பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு வருகிற முதல் கேள்வி, இதில் எழுதுகிற உரிமை யாருக்கு, இதில் வெறும் பதிவாக இருப்பது யார் என்பதுதான். அப்படிப் பார்த்தால் ராத்திரி வருகைப் பதிவேட்டில் எழுதாத ஒரு பத்தியும் இருக்கிறது. இன்னார் ராத்திரி 11லிருந்து 5 வரை இங்கே இருக்கிறார் என்று எழுதினால், அவர் வீட்டில் அந்த ஆறு மணி நேரம் பெண்ணும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள் என்றும் அதே வரி சொல்கிறது. அது ஸ்டேஷனில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஊரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்த ஆறு மணி நேரத்தில் அவளுக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? புருஷனை அடைத்துவைத்திருக்கிற அதே ஸ்டேஷனில்தான் சொல்ல வேண்டும்.

காலையில் அவமானப்பட்டுத் திரும்பி வருகிற அந்த ஆம்பளை வீட்டில் அடித்தால்? அப்போதும் அதே ஸ்டேஷன். அங்கே போய்ப் புகார் சொன்னால் அவன் பெயருக்கு எதிரே இன்னொரு குறி விழும், மொத்தக் குடும்பமும் கஷ்டப்படும். அவள் வாய் திறக்க மாட்டாள். ஊரும் திறக்க விடாது. வெளியே ஒரு கொடுமைக்காரன் இருக்கும்போது உள்ளே நடக்கிற கொடுமையைப் பேசினால் அது துரோகம் என்று ஆகிவிடும். இப்படி ஒரு முப்பது வருஷம் ஓடினால் அது பழக்கமாகிவிடும். சட்டம் போன பிறகும் பழக்கம் போகாது.

நேர்க்கோடு போட முடியுமா?

இந்த இடத்தில் ஒரு பெரிய சபலம் வரும். "ஆகவே, கைரேகைச் சட்டம்தான் உசிலம்பட்டி சிசுக்கொலைக்குக் காரணம்" என்று ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடலாம். சிலர் மேடையில் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வேறு ஊர்கள் இருக்கின்றன. 1997இல் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை வைத்து எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிசுக்கொலை ஒரு சாதியின் விவகாரம் இல்லை, மதுரைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல், சேலம், தர்மபுரி வழியாக வட ஆற்காடு வரை நீளும் ஒரு பட்டை என்று அது காட்டியது. அதில் பல சாதிகள் உண்டு. சேலத்திலும் தர்மபுரியிலும் இதைச் செய்த குடும்பங்களில் கைரேகைச் சட்டத்தின் நிழலே படாத, நிலபுலத்தோடு வாழ்ந்த சமூகங்களும் உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும் கொலை இருக்கிறது என்றால், சட்டம்தான் காரணம் என்ற கணக்கு உதைக்கும்.

எதிர்ப்பக்கத்து அம்புக்குறியும் அதே அளவுக்குத் தப்பு. 1986 ஜூனில் இந்தியா டுடே உசிலம்பட்டியை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அதற்குப் பிறகு வந்த எழுத்தில் பெரும்பகுதி இதைக் 'கள்ளர் வழக்கம்', 'பரம்பரைப் பழக்கம்' என்றே எழுதியது. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று 1911இல் சொன்னார்கள். 1986இல் அதே சாதியைப் பிறவிச் சிசுக்கொலையாளி என்று சொன்னார்கள். வாக்கிய அமைப்பு மாறவே இல்லை. 1949-50இல் இந்த மக்களிடையே தங்கி ஆய்வு செய்த லூயி துமோன் காட்டும் சித்திரம் வேறு மாதிரி. அங்கே பெண்ணுக்குத் தாலியை அறுத்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்ள வழி இருந்தது. தாய்மாமன் வீடு என்று திரும்பிப் போக ஒரு இடம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்ட காலம் போய், பெண் வீட்டார் வரதட்சணை கொடுக்கிற காலம் பின்னால்தான் வந்தது. 1959இல் திறந்த வைகை அணையும் பணப்பயிரும் கையில் காசைக் கொண்டுவந்தன. காசோடு சேர்ந்து மாப்பிள்ளைக்கு விலையும் ஏறியது. 'ஆதிகாலப் பழக்கம்' என்று சொல்வது இதையெல்லாம் மூடிவிடுகிறது.

அப்படியானால் சட்டத்தின் பின்விளைவு என்று எதைச் சொல்வது? கொலை செய்யும் எண்ணம் வரதட்சணை, நிலம், ஆண் வாரிசு என்று வேறு வழிகளில் வந்தது. பட்டை முழுக்க வந்தது. அந்த எண்ணத்துக்கு எதிராக ஒரு பெண் தட்டக்கூடிய கதவு எது என்பதில்தான் சட்டத்தின் மிச்சம் இருக்கிறது. அரசாங்கம் ஊருக்குள் எழுத வரும். ஊர்ப் பெண் போய் எழுதவைக்க முடியாது. இதுதான் கைரேகைக் காலம் விட்டுப்போன ஏற்பாடு என்பது என் வாதம்.

ஸ்பெயினிலிருந்து ஒரு உதாரணம்

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஸ்பெயினில் பிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று இறந்தார். அவர் ஆட்சியில் மனைவி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் புருஷன் அனுமதி வேண்டும். அந்த விதி 1975 மே மாதம்தான் நீங்கியது. 1981இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. காகிதத்தில் எல்லாம் மாறிவிட்டது. 1997 டிசம்பர் 4ஆம் தேதி அனா ஒரான்டெஸ் என்ற பெண் தொலைக்காட்சியில் உட்கார்ந்து நாற்பது வருஷம் அடிவாங்கிய கதையைச் சொன்னார். பலமுறை புகார் கொடுத்தவர். விவாகரத்தும் வாங்கிவிட்டார். ஆனால் வீட்டின் ஒரு மாடியில் இவர், இன்னொரு மாடியில் அந்த ஆள் என்று கோர்ட் பிரித்துக் கொடுத்திருந்தது. பேட்டி கொடுத்து 13 நாளில் அவரை அந்த ஆள் எரித்துக் கொன்றான். நாடே கொதித்தது. 2004இல்தான் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான முழுச் சட்டம் வந்தது. சர்வாதிகாரி செத்து 29 வருஷம் கழித்து.

அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்து வீட்டைப் பங்குபோட்டவர் பிராங்கோவின் ஆள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த டீஃபால்ட் செட்டிங் அது: குடும்பம் கலையக் கூடாது, ஆண் வெளியே போகக் கூடாது, பெண் பொறுத்துக்கொள்வாள். சட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். டெஸ்கில் உட்கார்ந்திருப்பவரின் டீஃபால்ட்டை யார் மாற்றுவது?

1992 என்ற வருஷம்

நம்ம ஊருக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டுக்கு 1992 ஒரு விசித்திரமான வருஷம். மூன்று விஷயங்கள் அந்த ஒரே வருஷத்தில் நடந்தன.

முதலாவது, ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ. 2001இல் அதை மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் நீட்டினார்கள்.

இரண்டாவது, சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது.

மூன்றாவது, 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் நுழைந்து ஊரையே சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மொத்தம் 31 வருஷம்.

ஒரே அரசாங்கம், ஒரே வருஷம். ஒரு கை தொட்டில் ஆட்டுகிறது, ஒரு கை மகளிர் ஸ்டேஷன் திறக்கிறது, ஒரு கை மலையடிவாரத்தில் பெண்களைச் சீரழிக்கிறது. வாச்சாத்தி மக்கள் மலையாளிப் பழங்குடிகள். ஊரையே திருட்டுக் கூட்டம் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பெருங்காமநல்லூருக்குப் போன போலீஸின் மனசில் இருந்ததும் அதே முடிவுதான். நடுவில் சுதந்திரம், அரசியலமைப்பு, பத்துப் பொதுத் தேர்தல் எல்லாம் நடந்துவிட்டன. ஆட்சி முறை மாறியது. ஒரு ஊரை மொத்தமாகக் குற்றவாளியாகப் பார்க்கிற கண் மாறவில்லை. அந்தக் கண் பார்க்கிற இடத்தில் பெண்ணுக்கு வன்முறை இரண்டு பக்கமும் வருகிறது, வெளியேயிருந்தும் உள்ளேயிருந்தும்.

வாச்சாத்திப் பெண்களும் ஒரு பாடம் சொல்கிறார்கள். புகார் எழுதவே மறுத்த காலத்தில் இயக்கங்களின் துணையோடு கோர்ட் வரை போய், சிபிஐ விசாரணை வாங்கி, அடையாள அணிவகுப்பில் நின்று ஆட்களைக் காட்டினார்கள். பதிவேட்டில் பெயராக இருந்தவர்கள் பதிவேட்டை எழுதவைத்தார்கள். முடியாதது இல்லை. ஆனால் 31 வருஷம் ஆகிறது.

யாரை எழுதுகிறோம்?

இந்தக் கேள்வியை வைத்துச் சிசுக்கொலைத் தடுப்பைப் பார்த்தால் நிறைய விளங்குகிறது.

தொண்ணூறுகளில் முதல் குழந்தை பெண்ணாக இருந்து அடுத்ததற்குக் கர்ப்பமாக இருக்கிற தாயை 'ஆபத்து அதிகமுள்ள தாய்' என்று கிராம சுகாதார நர்ஸ் நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்ப்பார். நல்ல எண்ணம்தான், சில உயிர்கள் பிழைத்திருக்கும். ஆனால் யார் பெயர் எழுதப்பட்டது என்று பாருங்கள். வரதட்சணை கேட்டவன் பெயர் இல்லை. "மறுபடியும் பொட்டையா?" என்று கேட்ட மாமியார், புருஷன் பெயர் இல்லை. வயிற்றில் சுமந்தவள் பெயர். வழக்கு என்று வந்தபோதும் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்களில் பெற்ற தாய்கள்தான் அதிகம். எழுபது எண்பது வருஷத்துக்கு முன் ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்தவனின் பேத்தி இப்போது நர்ஸ் நோட்டில்.

ஸ்கேன் மெஷின் வந்த பிறகு கொலை கருவறைக்குப் போனது. அதற்கு 1994இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. மெஷினைப் பதிவுசெய், ஸ்கேன் சென்டரைப் பதிவுசெய், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டாக்டர் 'எஃப்' படிவம் நிரப்பு. கட்டாயப்படுத்தப்பட்டுத்தான் வந்திருப்பாள் என்று கர்ப்பிணியின் பக்கம் அனுமானம் வைத்தது. அமலாக்கத்தில் ஆயிரம் ஓட்டை உண்டு. ஆனால் பதிவேட்டின் திசை சரி: பலம் உள்ளவன் பெயரை எழுது.

இன்னொரு உதாரணம் தர்மபுரி. 1997-99 சமயத்தில் சுகாதாரத் திட்டத்தின் கீழ்ச் சிசுக்கொலைக்கு எதிராகக் கலைப்பயணம் நடந்தது. போலீஸ் ஜீப்புக்குப் பதிலாக நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. உள்ளூர்ப் பையன்களும் பெண்களும் நடித்தார்கள். ஊர் நடுவில் நாடகம் முடிந்ததும் பேச்சு தொடரும். அதன் பிறகு அந்த மாவட்டத்தில் பெண் சிசு மரணம் நன்றாகக் குறைந்தது என்று சுங்கத்தும் ஆத்ரேயாவும் பின்னால் பதிவுசெய்தார்கள். கைவிலங்கோடு வராத அரசாங்கத்தை அந்த ஊர்கள் உட்கார்ந்து கேட்டன.

மறுபடி 'கருத்தம்மா'

இப்போது படத்தைப் பாருங்கள். பெரியார்தாசன் நடித்த மொக்கையன் பிறந்த பெண்ணைக் கொல்லச் சொல்லி மருத்துவச்சியிடம் கொடுக்கிறான். ஒரு வாத்தியார் காப்பாற்றி வளர்க்கிறார். அவள் டாக்டராகத் திரும்பி வந்து, தன்னைக் கொல்லச் சொன்ன அப்பனுக்கே வைத்தியம் பார்க்கிறாள். மூத்தவள் பொன்னாத்தா கட்டிக்கொடுத்த வீட்டில் அழிந்துபோகிறாள். சரண்யாவின் அந்த முகம் இன்னும் என்னைத் தூங்கவிடாது.

படத்தின் பலம், கொலைகாரனை ராட்சசனாகக் காட்டாதது. மொக்கையன் ஏழை, பயந்தவன், பாசமும் உள்ளவன். பலவீனம், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை 'வறுமை', 'அறியாமை' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவது. படத்தில் நன்மை எல்லாம் வெளியேயிருந்து வருகிறது: படிப்பு, டாக்டர், வாத்தியார். ஊர் இருட்டு, வெளி வெளிச்சம். ஆனால் அந்த ஊருக்கு வெளியேயிருந்து முதலில் வந்தது டாக்டர் இல்லை, கைரேகை மையோடு வந்த போலீஸ். கருத்தம்மாவுக்குக் கடைசியில் தன் கையைத் தவிர வேறு நீதி இல்லாமல் போவதை நாம் வீரமாகப் பார்த்துக் கைதட்டினோம். அது ஒரு நிறுவனத்தின் தோல்வி என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம், நம்ம பக்கத்துப் பெண் ஸ்டேஷனுக்குப் போவாள் என்று படம் பார்க்கிற நாமும் எதிர்பார்க்கவில்லை.

'குற்றப்பரம்பரை' பேச்சிலோ நேர் எதிர். ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள், போட வேண்டியதுதான். சீர்மரபினர் சான்றிதழுக்காகப் போராடுகிறார்கள். 1979இல் பறிபோன 'பழங்குடியினர்' என்ற சொல்லை மீட்கும் அந்தப் போராட்டத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மேடையில் மாயக்காள் தியாகி மட்டும்தான். தண்ணீர் கொண்டுபோன கை. ஆறு மணி நேரம் தனியாக இருந்த வீட்டுக்குள் என்ன நடந்தது, விடிந்த பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எந்த மேடையிலும் கேட்பதில்லை. கேட்டால் சமூகத்தை இழிவுபடுத்துவதாகக் கோபம் வரும். அந்தக் கோபம்கூட அந்தச் சட்டத்தின் பிள்ளைதான்.

"எல்லாத்துக்கும் வெள்ளைக்காரன் மேல பழி போட்டு ஆம்பளைகளத் தப்பிக்க விடுறீங்களா?" என்று ஒரு தோழி கேட்டார். இல்லை. பெண்ணை அடிக்கிற கை அவனுடைய கை. அதற்கு 1911 பொறுப்பேற்காது. அடிபட்டவள் எங்கே போவாள் என்பதற்கு மட்டும்தான் அந்த வருஷம் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்யக் கூடாது.

இப்போது என்ன?

இன்றைக்குத் தேனியிலும் உத்தமபாளையத்திலும் ஒரு பெண் அடிவாங்கினால் அவளுக்குச் சட்டப்படி வழிகள் இருக்கின்றன. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் போலீஸைத் தாண்டி, சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் நேரே போக வழி வைத்திருக்கிறது. அவர் சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். 181க்குப் போன் பண்ணலாம். ஸ்டேஷனுக்குப் பயந்த ஊர்களுக்கென்றே எழுதியது போன்ற சட்டம். ஆனால் நடப்பில் பெரும்பாலும் என்ன ஆகிறது? மகளிர் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் உட்காரவைத்து, "அனுசரிச்சுப் போம்மா" என்று பேசி முடித்து அனுப்புகிறார்கள். ஊர்க்கூட்டத்தின் வேலையை யூனிஃபார்ம் போட்டுச் செய்வதற்கு ஸ்டேஷன் எதற்கு?

கைரேகைக் காலத்தில் கல்யாணமாகி வந்த பெண்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். நம் பள்ளத்தாக்கில் அப்படிச் சில பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை பேட்டி எடுத்தவர்கள் கேட்டதெல்லாம் தாத்தாவைப் பற்றி: எந்த ஸ்டேஷன், எத்தனை வருஷம், எப்படி அடித்தார்கள். படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒரு அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவரைப் பற்றியே கேளுங்கள். தாத்தா ஸ்டேஷனுக்குப் போன ராத்திரிகளில் நீங்க எப்படி இருந்தீங்க? கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்துச்சா? துணைக்கு யார் படுத்தாங்க? ஏதாவதுன்னா யார்கிட்டச் சொல்வீங்க?

அவர் சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால், அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். பெயர் போடலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.